சிறிய ராக்கெட்டின் முதல் அடுக்கை மட்டும் மீட்பது கட்டுபடியாகுமா?

கேள்வி
(தருமபுரி, இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரிக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். 500 கிலோ சுமையை 500 கி.மீ. உயரத்தில் சுற்றவிடும் இரண்டடுக்கு ராக்கெட் ஒன்றை வடிவமைப்பதை எங்கள் குழு இந்த ஆண்டின் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டுள்ளது. இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் ஏறத்தாழ இதே சுமைக்காக உருவாக்கப்பட்டதுதான். ஆனால் அதன் மூன்று முதன்மை அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்குபவை. ஒருமுறை எரிந்ததும் கடலில் விழுந்துவிடுபவை. நாங்கள் திரவ ஆக்சிஜனையும் மண்ணெண்ணெயையும் தேர்ந்தெடுத்து, முதல் அடுக்கை மட்டுமாவது மீட்க முடியுமா என்று பார்க்கிறோம்.

எங்கள் எண்கள் இவை. முதல் அடுக்கில் 20 டன் உந்துபொருள் (எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்த்து), வெற்று எடை 2 டன். இரண்டாம் அடுக்கில் 3.5 டன் உந்துபொருள், வெற்று எடை 400 கிலோ. வெளியேறும் வாயுவின் வேகம் முதல் அடுக்கில் சராசரியாக வினாடிக்கு 2.89 கி.மீ., இரண்டாவதில் 3.33 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். எதையும் மீட்காவிட்டால் இந்த ராக்கெட் 500 கிலோவைத் தூக்குகிறது.

பால்கன் 9 போல எஞ்சினை மீண்டும் பற்றவைத்துச் செங்குத்தாக இறக்க வேண்டும் என்பது குழுவில் ஒரு சாராரின் கருத்து. ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் ராக்கெட்டைப் போலப் பாரசூட்டில் கடலில் இறக்கினால் போதும் என்பது மற்றவர்களின் கருத்து. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரோ, "எத்தனை முறை பறந்தால் போட்ட முதல் திரும்பும்? அதை முதலில் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டார். இந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1
(கிருஷ்ணகிரி, இயற்பியல் ஆசிரியர்)

வணக்கம் அம்மா. உங்கள் பேராசிரியர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பணக் கணக்கிற்கு முன் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

500 கி.மீ. உயரத்தில் சுற்றும் பொருளுக்கு வினாடிக்கு 7.6 கி.மீ. வேகம் வேண்டும். புவியீர்ப்பையும் காற்றுத்தடையையும் எதிர்த்து மேலேறுவதில் இழப்பதையும் சேர்த்தால் ராக்கெட் கொடுக்க வேண்டிய மொத்த வேகம் சுமார் 9.4 கி.மீ. சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டின்படி, வாயு வெளியேறும் வேகத்தை, தொடக்க எடைக்கும் முடிவு எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் (ln) பெருக்கினால் ஓர் அடுக்கு தரும் வேகம் கிடைக்கும். உங்கள் எண்களுக்கு முதல் அடுக்கு 4.1, இரண்டாம் அடுக்கு 5.3, ஆக மொத்தம் 9.4. கணக்கு பொருந்துகிறது.

இப்போது செங்குத்தாக இறக்குவதற்காகக் கால்கள், திசைதிருப்பும் துடுப்புகள் எல்லாம் சேர்த்து முதல் அடுக்கில் 300 கிலோவைக் கூட்டுங்கள்; இறங்குவதற்கென்று 1.5 டன் உந்துபொருளை மிச்சம் வையுங்கள். அதே சமன்பாட்டைத் திரும்பப் போட்டால், தூக்கக்கூடிய சுமை 500-லிருந்து 310 கிலோவாக இறங்கிவிடும். பாரசூட் வழியில் கூடுதல் எடை 250 கிலோ, மிச்ச உந்துபொருள் ஏதுமில்லை என்று கொண்டால் சுமை 470 கிலோவில் நிற்கும். முதல் அடுக்கில் ஏறும் ஒவ்வொரு எட்டு ஒன்பது கிலோவும் சுமையில் ஒரு கிலோவைத்தான் தின்கிறது என்பதையும், மேலடுக்கில் ஏறும் ஒரு கிலோ சுமையில் அப்படியே ஒரு கிலோவைத் தின்றுவிடுகிறது என்பதையும் இதிலிருந்து காணலாம். முதல் அடுக்கை மட்டும் மீட்பதற்கு உலகெங்கும் முதலிடம் தருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பணத்திற்கு வருவோம். மீட்காத ராக்கெட்டின் செலவை 100 என்றும், அதில் முதல் அடுக்கின் பங்கை 60 என்றும் வைத்துக்கொள்வோம் (இவை என் அனுமானங்கள், உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்). செங்குத்தாக இறங்கும் அடுக்கைச் செய்ய 66 ஆகும், ஒவ்வொரு முறையும் சீர்செய்ய 12 ஆகும் என்றால், ஓர் அடுக்கு ஐந்து முறை பறந்தாலும், ராக்கெட்டின் மீதிப் பங்கான 40-ஐயும் சேர்த்து ஒரு பறத்தலுக்கு 65 ஆகிறது. ஆனால் 310 கிலோவை மீட்காத ராக்கெட்டிலேயே, கிலோவுக்கு அதே விலையில் அனுப்பினால் 62-தான். ஏழாவது பறத்தலில்தான் இலாபம் தொடங்குகிறது. பாரசூட் வழியில் அடுக்கைச் செய்ய 62, கடல் நீரில் நனைந்ததைச் சீர்செய்ய 25 என்று இரு மடங்கு செலவு வைத்தாலும், மூன்றாவது பறத்தலிலேயே செலவு 86 ஆகிறது; 470 கிலோவுக்குரிய 94-ஐவிட அது குறைவு.

நம் ஊர் மாம்பழ வியாபாரிகள் இதை நன்றாக அறிவார்கள். பிளாஸ்டிக் கிரேட்டுகளைத் திருப்பிக் கொண்டுவர லாரி வாடகை உண்டு. சீசனில் நாள்தோறும் லோடு போகும்போது அது கட்டுபடியாகும், எப்போதோ ஒரு லோடு அனுப்புபவருக்கு அட்டைப்பெட்டிதான் மலிவு. ஆண்டுக்கு எத்தனை முறை ஏவுவீர்கள் என்பதை முடிவு செய்யாமல் மீட்பு முறையை முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். வாடிக்கையாளரின் செயற்கைக்கோள் 200 கிலோதான் என்றால், 190 கிலோ சுமைத்திறனை இழப்பது இழப்பே அன்று. தனக்கென ஒரு ராக்கெட்டும், தனக்கு வேண்டிய சுற்றுப்பாதையும் தேடி வருபவர் கிலோக் கணக்கில் அன்றி, ஒரு பறத்தலுக்கு என்ன விலை என்றே கேட்பார். அந்தக் கணக்கில் செங்குத்து இறக்கத்தின் 65 நன்றாகவே வென்றுவிடும்.

மறுமொழி 2
(ஓசூர், துல்லிய உதிரிபாகப் பணிமனை)

ஆசிரியர் ஐயா சீர்செய்யும் செலவை 12 என்றும் 25 என்றும் வைத்தார். அந்த எண் எப்படி உருவாகிறது என்பதைப் பணிமனைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தங்கச்சி. மறுபயன்பாட்டின் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் இருக்கின்றன.

எஞ்சின் பாகங்களுக்கு இன்கோனல் 718 போன்ற நிக்கல் உலோகக்கலவைகளைப் பயன்படுத்துவார்கள். அதைக் கடையும்போது கருவி ஓர் இடத்தில் சற்றுத் தயங்கி நின்றாலும் அந்த மேற்பரப்பு இறுகிவிடும். அடுத்த சுற்றில் கருவியின் வெட்டும் பல்லான இன்சர்ட்டின் முனை பெயர்ந்துவிடும். அதனால் பாகத்தின் விலையில் உலோகத்தைவிடக் கருவித் தேய்மானமும் இயந்திர நேரமும்தான் அதிகம் இருக்கும். அத்தகைய பாகத்தைக் கடலில் எறிவது மனத்திற்கு வலிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பறந்து திரும்பிய பாகத்தை மறுபடி பொருத்தலாம் என்று கையொப்பமிட வேண்டுமானால், அதில் விரிசல் இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்துவிட்டுக் காத்திருப்போம். முடியளவு விரிசல் இருந்தாலும் வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வரும். கண்ணுக்கும் கைக்கும் எட்டும் பரப்பில் இந்தச் சோதனை மலிவானது. எரியறைச் சுவருக்குள் ஓடும் குளிர்விக்கும் கால்வாய்களில் இதைச் செய்ய இயலாது; அதற்கு எக்ஸ்ரே ஸ்கேன் வேண்டும், செலவு பல மடங்கு.

அக்னிகுல் நிறுவனம் 30 மே 2024 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய சோதனை ராக்கெட்டில், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சுமுறையில் (3டி பிரிண்டிங்) உருவாக்கிய எஞ்சினைப் பயன்படுத்தியது. வெல்டிங் இணைப்புகளே இல்லாமல் போவதால் தயாரிப்புச் செலவும் நேரமும் வெகுவாகக் குறைகின்றன. நம் நாட்டு இளைஞர்கள் இதைச் சாதித்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆயினும் பிரிக்க முடியாத ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது எப்படி என்பதை வடிவமைப்பின் முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும். எண்டோஸ்கோப் நுழையும் அளவுக்குத் துளைகளை எங்கே விடுவது என்பதை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

கடல் நீரைப் பற்றியும் ஒரு சொல். உப்பிலுள்ள குளோரைடு, அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசிமுனைக் குழிகளாக அரிக்கும். கரைக்கு வந்த பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. கப்பலிலேயே கனிமம் நீக்கிய நீரால் அலச ஏற்பாடு வேண்டும். எலக்ட்ரானை 2022 மே மாதத்தில் ஹெலிகாப்டரால் வானிலேயே பிடித்துப் பார்த்தார்கள். பிடித்த சிறிது நேரத்தில் பாரம் ஒத்துவராமல் விமானி விடுவித்துவிட்டார். பின்னர் கடலில் விழவிட்டு எடுக்கும் வழிக்கே அந்நிறுவனம் திரும்பியது. 2023 ஆகஸ்டில் அப்படி மீட்ட எஞ்சின்களில் ஒன்றை மீண்டும் பறக்கவிட்டது. ஆக, நனைந்த எஞ்சினைத் தேற்றுவது கடினம்தான் என்றாலும் இயலாத செயல் அன்று.

எலக்ட்ரானின் ரூதர்போர்ட் எஞ்சினில் பம்புகளை மின்மோட்டார்கள் சுழற்றுகின்றன. சூடான வாயுவில் சுழலும் டர்பைன் இல்லாததால் சோதிக்க வேண்டிய மிகக் கடினமான பாகம் ஒன்று அடியோடு ஒழிகிறது. அதற்கு விலையாக பேட்டரியின் எடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. உங்கள் அளவு ராக்கெட்டுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். மண்ணெண்ணெய் விடும் கரியும் கவலைக்குரியது. மீத்தேன் அதைவிடத் தூய்மையாக எரிகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு, முதல் அடுக்கு மறுபயன்பாடு, மீத்தேன் எரிபொருள் என்றே திட்டமிட்டுள்ளார்கள். ஆனால் மீத்தேனின் அடர்த்தி மண்ணெண்ணெயில் ஏறத்தாழ பாதிதான். தொட்டி பெரிதாகும், அதுவும் கடுங்குளிரில் இருக்கும்.

மறுமொழி 3
(கேள்வி கேட்ட மாணவி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, ஏழு என்ற எண்ணையும் மூன்று என்ற எண்ணையும் எங்கள் செலவுப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இஸ்ரோவின் புதிய ஏவுதளமான குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவினால், முதல் அடுக்கைக் கடலுக்கு அனுப்பாமல் ஏவுதளத்துக்கே திருப்பிக் கொண்டுவர முடியுமா? இஸ்ரோவின் புஷ்பக் போல இறக்கை வைத்து ஓடுபாதையில் இறக்கினால் இந்த இறங்கும் உந்துபொருள் தேவையே இராதே. அதை ஏன் யாரும் இங்கே பரிந்துரைக்கவில்லை?

மறுமொழி 4
(ஓசூர், பெங்களூரில் கட்டுப்பாட்டு மென்பொருள் பணி)

இறக்கையை முதலில் முடித்துவிடுகிறேன். புஷ்பக் வகை ஊர்தியை 2016 மே 23 அன்று மேலே அனுப்பிக் கடலின் மீது சோதித்தார்கள். 2023-லும் 2024-லும் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 4.5 கி.மீ. உயரத்தில் விடுவித்து, தானாக ஓடுபாதையில் இறங்க வைத்தார்கள். அருமையான சாதனை. ஆனால் அது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் ஊர்திக்கான வழி. உங்கள் இரண்டு டன் அடுக்குக்கு இறக்கை, வால், சக்கரம் எல்லாம் சேர்த்தால் அவற்றின் எடை மேலே போகும்போது எந்தப் பயனும் தராது, காற்றுத்தடையையும் கூட்டும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் இறக்கையோடுதான் திரும்பியது. ஆயினும் ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகளையும் எஞ்சின்களையும் ஒவ்வொரு முறையும் சோதித்ததில் அது ஒருபோதும் மலிவாகவில்லை.

ஏவுதளத்துக்கே திரும்புவதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடைமட்ட வேகத்தை முழுவதும் அழித்துத் திசைமாற்ற வேண்டும் என்பதால் 3.6 டன் உந்துபொருளை மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுமை 160 கிலோவுக்குச் சரிந்துவிடுகிறது. எனவே கடலில் கப்பல் மீதுதான். குலசேகரன்பட்டினத்தின் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் சிறிய ராக்கெட்டின் சுமையில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்தோ நேராகத் தெற்கே போகலாம். எதிரே திறந்த கடல்.

எஞ்சின்களின் எண்ணிக்கையை இறங்கும் கணம்தான் தீர்மானிக்கிறது. புறப்படும்போது உங்களுக்குச் சுமார் 34 டன் உந்துவிசை வேண்டும். இறங்கும்போது அடுக்கின் எடையோ இரண்டரை டன்னுக்கும் கீழ். ஒரே எஞ்சின் வைத்தால் அதை 40 விழுக்காட்டுக்குக் குறைத்தாலும் 13 டன்னுக்கு மேல் தள்ளும். இறங்க வேண்டிய அடுக்கு மறுபடி மேலே கிளம்பிவிடும். ஒன்பது சிறிய எஞ்சின்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3.8 டன், நடுவில் உள்ளதை மட்டும் பற்றவைத்து 60 விழுக்காட்டுக்குக் குறைத்தால் எடைக்கு ஈடாக நிற்கும். பால்கன் 9-இலும் எலக்ட்ரானிலும் ஒன்பது எஞ்சின்கள் உள்ளன. அதே எஞ்சினுக்குப் பெரிய நாசிலை (வாயு வெளியேறும் கூம்பை) பூட்டி மேலடுக்கிலும் வைத்துக்கொண்டால், ஒரு ராக்கெட்டுக்குப் பத்து எஞ்சின்கள், வகை ஒன்றே. ஓசூர் அண்ணன் சொன்ன இயந்திர நேரம் அங்கே வெகுவாக மிச்சமாகும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது அடுக்குகளின் பங்கீட்டை. நீங்கள் மீட்காத ராக்கெட்டை வரைந்துவிட்டு, பிறகு அதில் கால்களை ஒட்டுகிறீர்கள். மீட்க வேண்டிய அடுக்கு குறைந்த வேகத்தில் பிரிய வேண்டும். முதல் அடுக்கின் உந்துபொருளை 18.5 டன்னாகக் குறைத்து, மேலடுக்கை 5 டன்னாக உயர்த்திப் பாருங்கள். முதல் அடுக்கின் வெற்று எடை கால்களோடு 2.2 டன், மேலடுக்கு அரை டன், இறங்க மிச்சம் 1.3 டன் என்று கொண்டால் சுமை 310-லிருந்து 360 கிலோவாக உயர்கிறது. இழப்புகளைக் கழித்தால் பிரியும் வேகம் வினாடிக்கு 2.1 கி.மீ.யிலிருந்து 1.6 கி.மீ. ஆகிறது. காற்றில் நுழையும்போது வெப்பம் தாக்கும் வீதம் ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக மாறும் என்பதால், அது பாதியாகிவிடும். மேலடுக்கு கனத்துவிடுவதால் அதன் ஒற்றை எஞ்சின் போதிய விசை தருகிறதா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

பாரசூட் அணியினரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களது அடுக்கு வேகத்தைக் குறைக்காமலே காற்றுக்குள் வருகிறது. பழைய பங்கீட்டில் அது 2.6 கி.மீ. வேகத்தில் நுழையும். பால்கன் 9-இன் முதல் பறத்தல்களிலும் பாரசூட்தான் வைத்திருந்தார்கள். அது விரிவதற்கு முன்பே அடுக்கு காற்றில் சிதைந்துபோயிற்று. எஞ்சினால் வேகத்தைத் தணித்து நுழையும் வழிக்கு மாறிய பிறகே 2015 டிசம்பரில் தரையிறக்கமும், 2017 மார்ச்சில் முதல் மறுபறத்தலும் கைகூடின. எலக்ட்ரான் சிறியது, அடிப்பகுதியில் வெப்பக்காப்பு உடையது, சரியான கோணத்தில் அடிப்பக்கத்தை முன்வைத்தே இறங்குகிறது. பாரசூட் வைப்பதென்றால் அந்த வெப்பக்காப்பின் எடையையும் 250 கிலோவுக்குள் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மறுமொழி 5
(கேள்வி கேட்ட மாணவி)

250 கிலோவில் வெப்பக்காப்பைத் தனியாகச் சேர்த்து மறுபடி கணக்கிடுகிறோம். 18.5 டன், 5 டன் பங்கீட்டில் இரு முறைகளையும் வைத்து, எத்தனையாவது பறத்தலில் போட்ட முதல் திரும்புகிறது என்பதை அடுத்த வாரம் இங்கேயே பதிவிடுகிறேன். ஓசூர் அண்ணா, எண்டோஸ்கோப் துளைகளுக்கு எரியறைச் சுவரில் எந்த இடம் தகும் என்பதை எங்கள் வரைபடத்தில் குறித்துத் தர இயலுமா? படத்தைச் சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம்.