விகடன் முடக்கம்: பி.ஜே.பி. ஆதரவாளர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

கரோல்பாக்வாசி:
ஒரு கார்ட்டூனுக்காக மத்திய அரசு முடக்கிய விகடன் இணையதளத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 6 அன்று திறக்கச் சொல்லிவிட்டது. அந்தக் கார்ட்டூன் பக்கத்தை மட்டும் இடைக்காலமாக நீக்கி வைக்க வேண்டும் என்றது. டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கிற படம் அது. பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் அங்கே சட்டவிரோதமாகக் குடியேறிய நம் ஆட்களைக் கைவிலங்கோடு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியதை வைத்து வரைந்தது. நான் பி.ஜே.பி.க்கு ஓட்டுப் போடுகிறவன். படம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் தளத்தையே முடக்கியது தவறு, அதை நம் பக்கத்து ஆட்கள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆர்கேபுரம்_பென்ஷனர்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். பிரதமர் வாஷிங்டன் போகிற வாரத்தில் அவரை அடிமை மாதிரி வரைவது விமர்சனமா? இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தருகிற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வெளிநாட்டு உறவும் ஒரு காரணம் என்று எழுதியே இருக்கிறது. அப்போதைய தமிழக பி.ஜே.பி. தலைவர் அண்ணாமலை முறைப்படி புகார் கொடுத்தார், மத்திய அமைச்சகம் நடவடிக்கை எடுத்தது. இன்றைக்குக் கருத்துச் சுதந்திரம் பேசுகிற எத்தனை பேர் 2024இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தபோது வாய் திறந்தார்கள்?

முனிர்கா_மாணவி:
பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியது கேவலம். அதற்கு வழக்குப் போடலாம், குண்டர் சட்டம் கூடாது. அப்போதும் இதைத்தான் சொன்னேன். அந்தத் தடுப்புக்காவலை உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. தி.மு.க. அரசு செய்தது தவறு என்றால், அதே அளவுகோலை டெல்லிக்கும் வையுங்கள் சார்.

கரோல்பாக்வாசி:
பென்ஷனர் சார், நம் தரப்பின் கதையையே பார்ப்போம். 1950இல் இதே டெல்லியில் ஆர்கனைசர் வார இதழுக்கு முன்தணிக்கை போட்டார்கள். பாகிஸ்தான் பற்றிய செய்தியை அச்சிடும் முன் அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழ் அது, நீதிமன்றம் போய் ஜெயித்தது. மெட்ராஸ் மாகாணம் தடை செய்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி இதழுக்கும் அதே மே 26 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டு இதழுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது, ஆனால் அந்தத் தீர்ப்புகள் இருவரையும் காப்பாற்றின. மறு வருடமே நேரு முதல் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு கூடியது. நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர், பி.ஜே.பி.யின் முன்னோடியான ஜனசங்கத்தை நிறுவிய சியாமா பிரசாத் முகர்ஜி. அன்று நேரு சொன்ன காரணங்களில் வெளிநாட்டு உறவும் இருந்தது. அதே காரணத்தை இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டால் முகர்ஜி பேசியதற்கு என்ன மதிப்பு?

ஆர்கேபுரம்_பென்ஷனர்:
1975 எமர்ஜென்சியில் டெல்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகைகளுக்குக் கரண்டை வெட்டினார்கள். 1987இல் இதே விகடனின் அட்டைப்படக் கார்ட்டூனுக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனை மூன்று மாதச் சிறை என்று சொல்லித் தமிழகச் சட்டமன்றமே உள்ளே அனுப்பியது. இப்போது யாரையாவது ஜெயிலில் போட்டார்களா? சில வாரம் தளம் திறக்கவில்லை, நீதிமன்றம் போனார்கள், தீர்வு கிடைத்தது. இதை அதோடு சேர்க்காதீர்கள்.

கரோல்பாக்வாசி:
சிறை இல்லை என்பது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் 1987இல் தண்டனை சபையில் எல்லோர் முன்னாலும் அறிவிக்கப்பட்டது. இப்போது 69ஏ உத்தரவுகளை விதிப்படி ரகசியமாக வைக்கிறார்கள். பிப்ரவரி 15இல் தளம் பலருக்குத் திறக்காமல் போனபோது, அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றுதான் விகடன் சொன்னது. ஒரு படத்துக்காகப் பழைய கட்டுரைகள், சமையல், ஜோசியம் எல்லாம் சேர்ந்து போயின. அரசின் கை நீளக் கூடாது என்று பேசுகிற நாம் இதற்கு எப்படித் தலையாட்டுவது?

முனிர்கா_மாணவி:
அப்படியானால் படத்தையும் நீக்கச் சொன்னது தவறுதானே அண்ணா? அங்கே ஏன் நிறுத்திக்கொள்கிறீர்கள்?

கரோல்பாக்வாசி:
நீதிபதி அதை இடைக்காலமாகத்தான் சொன்னார். என் கருத்தைக் கேட்டால், படம் இருக்கட்டும். பிடிக்காத நான் அதை மோசம் என்று எழுதுவேன்.

ஆர்கேபுரம்_பென்ஷனர்:
நீங்கள் எழுதுங்கள். நாட்டின் பிரதமரைச் சங்கிலியில் வரைந்தால் அரசு சும்மா இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் உத்தரவை வெளிப்படையாகப் போட வேண்டும் என்கிற வரைக்கும் உங்களோடு வருகிறேன்.