கோடை மழைக்கு முந்திய காற்று: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

கோபி பக்கத்திலிருந்து:
சித்திரைக் கடைசி. தோட்டத்தில் 900 நேந்திரன் வாழை, தார் வெட்ட இன்னும் 20 நாள்தான். பகலெல்லாம் தாங்க முடியாத புழுக்கம். நாலு மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. "மழை பெய்தால் ஒரு தண்ணி மிச்சம்" என்றார் அம்மா. சட்டென்று ஜில்லென்ற காற்று. கட்டுத்தரையில் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரே புழுதி. ஒரு சொட்டு மழைகூட இன்னும் விழவில்லை, அதற்குள் தோட்டத்துக்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. வாழை ஒடிவது விறகு முறிகிற மாதிரி இருக்காது. தண்ணீர் கோத்த மட்டைகள் கிழிகிற ஈரச் சத்தம். பத்து நிமிடம் அதையே கேட்டுக்கொண்டு திண்ணையில் நின்றோம். உள்ளே ஓடப்போன அப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தால், எல்லாம் கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. சவுக்குக் கழி முட்டுக் கொடுத்த வரிசைகளில் பாதி நின்றது. மற்ற இடத்தில் முட்டுக் கொடுக்காமல் விட்டது எங்கள் தப்புதான். காய் திரளவில்லை, விளிம்பு கூராகவே இருந்தது. வியாபாரி வேண்டாம் என்றுவிட்டார். மாட்டுக்குப் போட்டோம்.

கம்பம் பக்கத்திலிருந்து:
எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது சுழல்காற்று இல்லைங்க. மழைத்துளி வரும் வழியில் வறண்ட காற்றில் ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று கனத்து, அப்படியே தரையில் வந்து மோதி நாலாபக்கமும் பாயும். அந்த ஜில்காற்று வந்தவுடனேயே தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இன்னொன்று, சாய்ந்ததை அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரை வரச்சொல்லிக் காட்டுங்கள். பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும்.

சத்தியமங்கலத்திலிருந்து:
எங்களுக்குத் தென்னை விழுந்து கரண்ட் கம்பி வரப்பில் கிடந்தது. இருட்டில், ஈரத்தில், பையன் மிதித்திருப்பான். நாய் போகாமல் நின்று குரைத்ததால் தப்பித்தோம். காற்று ஓய்ந்ததும் டார்ச் இல்லாமல் யாரும் இறங்காதீர்கள். கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குக் கூப்பிடுங்கள்.

கோபி பக்கத்திலிருந்து:
நன்றிங்க. போட்டோ எடுத்துதான் கொடுத்தோம். ஒடிந்ததையெல்லாம் வெட்டிவிட்டு, கட்டைக்கு ஒரு பக்கக் கன்று விட்டிருக்கிறோம். இப்போது முழங்கால் உயரம். கழிக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார் அப்பா.