சாரல் பிடித்தாலே ஆர்.சி.சி.பி. விழுகிறது: பழைய வயரிங்கை முழுதாக மாற்ற வேண்டுமா?

கேள்வி (தக்கலை):
வணக்கம். எங்கள் ஓட்டு வீட்டில், தாத்தா காலத்தில் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து இழுத்த வயரிங்தான் இன்னும் இருக்கிறது. அண்மையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தினோம், சாரல் பிடித்தால் அது விழுந்துவிடுகிறது, அதாவது தானே அணைந்துவிடுகிறது. அடுக்களை சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது, வயரின் ரப்பர் உறை கை பட்ட இடமெல்லாம் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. வந்த எலக்ட்ரீசியன் ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார். அம்மா தனியாக இருக்கும் வீடு என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுக்களை லைனை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் (ஒயர்மேன், குளச்சல்):
தயவுசெய்து ஆர்.சி.சி.பி.யை எடுக்க விடாதீர்கள். ஃபேஸில் போகும் மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பாமல் ஈரச் சுவர் வழியே கசிவதால்தான் அது விழுகிறது. ஓட்டுக்கு அடியில் தேங்கும் வெயில் சூட்டில் ரப்பர் உறை ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் ஈரம் ஏறியதும் கசிவு தொடங்கும். மற்ற அறைகளில் ஓடுவதும் அதே வயதுள்ள வயர்தானே! மெயினை அணைத்து, பல்பு உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வயர் உறை கசிவை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் லைனுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர். அந்தக் கால வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு வயர்தான் ஓடும். எர்த் இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜின் உடலில் கரண்ட் ஏறினால், தொடுபவரின் உடல் வழியாகப் பாய்ந்த பிறகுதான் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே அணையும் ஆர்.சி.சி.பி.கூட விழும், எர்த் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். ஆகவே எர்த் குழி எடுத்து, எல்லா பிளக்குக்கும் மூன்றாவது வயர் இழுத்து, முழுதாக மாற்றுவதே சரி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணாச்சி. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. குடைந்தால் உதிருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் (ஒயர்மேன், குளச்சல்):
குடைய வேண்டாம், சுவரின் மேலேயே பி.வி.சி. கேசிங் (வயரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடிக்கலாம். மரத்தட்டின் மேல் போகும் வயரை மட்டும் எலி கடிக்காதபடி பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். செம்பு வயரில் லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். நியூட்ரலில் பழைய ஃப்யூஸ் கட்டை இருந்தால் கட்டாயம் அகற்றுங்கள். அது மட்டும் எரிந்துபோனால் விளக்கு அணைந்திருக்கும், போர்டிலோ கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

வேலை தொடங்கும்வரை அடுக்களை லைனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மெயின் பெட்டியிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மீட்டர் பக்க வேலைக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.