மாஸ்டரிங்: "மூலப்படியாக்கம்" என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பாடலைப் பதிந்து கலந்து முடித்த பிறகு, படிகள் எடுப்பதற்கான இறுதி வடிவத்தை ஆக்கும் வேலையை ஆங்கிலத்தில் மாஸ்டரிங் என்கிறார்கள். அதற்கு மூலப்படியாக்கம் என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். அதற்கு வந்த மறுப்புகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> மாஸ்டர் என்றால் வல்லுநர். தேர்ச்சியாக்கம் என்றே வைக்கலாமே?
> ஒலிச்செம்மை போதும், சுருக்கமாகவும் இருக்கிறது.

இரண்டுக்கும் என் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே மாஸ்டர் என்பது ஆள் இல்லை, பொருள். எதைப் பார்த்து மற்ற படிகள் எல்லாம் எடுக்கப்படுகின்றனவோ அந்த ஒரு படி. ஆகவே தேர்ச்சியாக்கம் முதலிலேயே அடிபட்டுவிடுகிறது.

டக் சாக்ஸ் என்ற அமெரிக்கரின் வேலையைப் பார்த்தால் இது தெளிவாகும். 1967 கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் சகோதரர் ஷெர்வுட், பியானோ கலைஞர் லிங்கன் மயோர்கா இருவருடன் சேர்ந்து தி மாஸ்டரிங் லேப் என்ற கூடத்தைத் தொடங்கினார். இந்த வேலையை இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டிருந்த காலம் அது. இதற்கென்றே தனியாக ஒரு கூடம் நடத்தலாம் என்று முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர். 2015இல் இறந்தார்.

அங்கே நடந்தது என்ன? குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலந்து முடித்த நாடா வரும். அரக்குப் பூசிய அலுமினியத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற, அதில் ஊசி பள்ளம் வெட்டும். அடித்தொனி (bass) கூடினால் பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். அதற்கு இடம் விட்டால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். பாடுபவரின் 'ஸ' கூர்மையாக இருந்தால் வீட்டு இசைத்தட்டுக் கருவியின் ஊசியால் அதைத் தொடர முடியாமல் கரகரக்கும். இதையெல்லாம் காதால் கேட்டு, எதைக் குறைப்பது எதை விடுவது என்று முடிவு செய்து வெட்ட வேண்டும். பிறகு அந்தத் தட்டுக்கு நிக்கல் முலாம் ஏற்றி உரித்து அச்சு எடுப்பார்கள். வெட்டியதில் பிழை இருந்தால் கடைக்குப் போகும் அத்தனை தட்டிலும் அதே பிழை இருக்கும்.

ஆக, செம்மை செய்வது பாதி வேலைதான். படியெடுக்கத் தகுந்த ஒன்றை உருவாக்குவது மீதிப் பாதி. ஒலிச்செம்மை அந்தப் பாதியை விட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு இரைச்சல் நீக்குவதையும் நாளைக்கு அதே பெயரில் சொல்வோம், குழப்பம்தான். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு மூலப்படி புதிய சொல்லே இல்லை, பொருளும் அதேதான். தட்டு போய் இணையத்துக்கு ஏற்றும் கோப்பு வந்துவிட்ட பிறகும் அது பொருந்துகிறது.

> மூலப்பதிவு என்று ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கட்டும், அது வேறு. கூடத்தில் பாடி வாசித்தது மூலப்பதிவு, படியெடுக்க ஆக்கியது மூலப்படி. சாக்ஸும் மயோர்காவும் ஷெஃபீல்ட் லேப் என்ற பெயரில் தயாரித்த தட்டுகளில் பல, நாடாவே இல்லாமல் நேராகத் தட்டில் வெட்டியவை. ஒரு பக்கம் முடியும்வரை கலைஞர்கள் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், நடுவில் தவறினால் புதுத் தட்டுப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே மட்டும் மூலப்பதிவும் மூலப்படியும் ஒன்றுதான். இரண்டு சொல்லும் கையில் இருப்பதால்தான் இதை ஒரே வரியில் சொல்ல முடிகிறது.

ஒன்பது எழுத்து என்று சிலர் தயங்குவது புரிகிறது. மென்பொருள் பொத்தானில் "மூலப்படியாக்கு" என்று போட்டால் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

பழைய பதிவுக்கு இதே வேலையைத் திரும்பச் செய்யும் ரீமாஸ்டருக்கு "மறுபடியாக்கம்" வேண்டாம், 'மறுபடி' என்று படித்துவிடுவார்கள். "புது மூலப்படி" என்று எளிமையாகச் சொல்லிவிடலாம்.

அந்த வேலையைச் செய்பவரை என்னவென்று அழைப்பது? மூலப்படியாக்குநர் எனக்கே வாயில் நுழையவில்லை. "படிவல்லார்" என்று ஒன்று தோன்றியது, ஆனால் மனம் ஒப்பவில்லை. நல்லதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.