கற்கண்டின் கன அளவை எப்படி அளப்பது?

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். அளவுசாடியில் 60 மி.லி. தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டிய கருங்கல்லை இறக்கினோம். மட்டம் 84-க்கு ஏறியது. கல்லின் எடை 63 கிராம். அடர்த்தி 2.6 வந்ததும் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அப்புறம் ஒரு பெண் கேட்டாள், "கற்கண்டை எப்படி அளப்பது?" தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். அருமையான கேள்வி, விட மனமில்லை. சர்க்கரை எண்ணெயில் கரையாது என்பதால் கடலை எண்ணெய் ஊற்றினேன். 32 கிராம் கற்கண்டுக்கு மட்டம் 60-லிருந்து 83-க்குப் போனது. அடர்த்தி 1.4-க்குள்தான் வருகிறது, சர்க்கரைக்கு 1.59 வர வேண்டும். அப்படியென்றால் 20 மி.லி.தான் ஏறியிருக்க வேண்டும்.

உற்றுப் பார்த்தால் கற்கண்டின் இடுக்குகளில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள். தட்டிப் பார்த்தேன், குச்சியால் கிளறினேன், போகவில்லை. சாடியின் சுவரில் எண்ணெய் ஒட்டுவதால் மட்டம் படிப்பதும் சிரமம்.

குமிழியைப் போக்க வழி உண்டா? எண்ணெயை லேசாகச் சூடாக்கினால் இளகி உள்ளே போகுமா? எண்ணெய்க்குப் பதில் பொடிமணல் சரிப்படுமா? மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை மறுபடி செய்யப்போகிறோம்.