நீலக் கோடு போட்ட இடத்தில் ரெண்டு நிமிஷம் நின்றால் அபராதமா?

மதுரைக்காரன்: நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார்: கலிபோர்னியாவில் மாற்றுத்திறனாளி பார்க்கிங்கை ஒட்டிக் கோடு போட்ட இடத்தில் ரெண்டு நிமிஷம் நிறுத்தினால் டிக்கெட் வராதாம். வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகி ஒரு நாள் தாண்டினால்தான் போலீஸ் பிடிக்குமாம். ஐயா, வாகனச் சட்டம் 22507.8 அந்தக் கோடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. முதல் தடவை 250 முதல் 500 டாலர். மூன்றாம் தடவை 750 முதல் 1,000.

நெல்லை_80: அந்த மேதை நான்தான். கோடு போட்ட இடம் பார்க்கிங்கே இல்லை. பார்க்கிங் இல்லாத இடத்தில் பார்க்கிங் அபராதம் எப்படி வரும்? நான் வண்டிக்குள்தான் இருந்தேன், இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

மதுரைக்காரன்: இஞ்சின் ஓடினால் கோடு அழிந்துவிடுமா? வேனிலிருந்து சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இறங்குகிற இடம் அது. நீங்கள் பிரியாணி பார்சலுக்காக அங்கே நின்றால், சக்கர நாற்காலியில் வருபவர் வேனில் ஏற முடியாமல் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும்.

சன்னிவேல் அக்கா: என் மாமனாரிடம் மாற்றுத்திறனாளி பார்க்கிங்குக்கான நீல அட்டை உண்டு. ஒரு நாள் கண்ணாடியில் மாட்ட மறந்ததற்கு டிக்கெட். அட்டை இருப்பதைக் காட்டியதும் 25 டாலரோடு விட்டார்கள். அட்டை இருந்தால் கோட்டில் நிறுத்தலாம்தானே?

மதுரைக்காரன்: அட்டை இருந்தாலும் கூடாது. இன்னொன்று, அட்டை ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. மாமனார் ஊருக்குப் போன பிறகும் மாட்டிக்கொண்டு சுற்றினால் 250 முதல் 1,000 டாலர். ஆறு மாதம் வரை உள்ளே போகவும் இடமிருக்கிறது.

சன்னிவேல் அக்கா: யார் சுற்றினார்கள்? கேள்வி கேட்டால் திருட்டுப் பட்டமா? நல்லா இருக்கு உங்க நியாயம்.

ஃப்ரீமான்ட் புதுசு: ரெஜிஸ்ட்ரேஷன் விஷயம்: 2024 ஜூலை 1 முதல், காலாவதியான மாதத்துக்கு அடுத்த மாதம் முடியும்வரை அதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க முடியாது. டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) போடும் தாமதக் கட்டணம் தப்பாது. ஆறு மாதம் தாண்டினால் வண்டியையே இழுத்துப் போகலாம்.

நெல்லை_80: அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் சலுகை, எனக்கு ரெண்டு நிமிஷம் கிடையாதா? அப்புறம் மதுரைக்காரரே, டெக்சாஸ் நம்பர் பிளேட்டோடு வருஷக்கணக்கில் ஓட்டினீர்களே? இங்கே குடிவந்த 20 நாளில் மாற்ற வேண்டும் என்ற சட்டம் மட்டும் கண்ணில் படவில்லையோ?

மதுரைக்காரன்: அது கம்பெனி வண்டி. பேச்சை மாற்றாதீர்கள். கோட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லை_80: கம்பெனி வண்டியில்தான் பிள்ளைகளைப் பாட்டு கிளாஸில் விட்டீர்களா? பொங்கல் விழாவில் கையில் டார்ச்சோடு என் காரை மட்டும் மூன்று முறை நகர்த்தச் சொன்னவர்தானே நீங்கள்!

மதுரைக்காரன்: தீயணைப்பு வண்டி வரும் வழியில் நிறுத்தினால் சொல்லத்தான் செய்வேன். அங்கேயும் கோடுதான் இருந்தது.

சன்னிவேல் அக்கா: முதலில் என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

மதுரைக்காரன்: 22507.8. படித்துவிட்டு வாருங்கள், ரெண்டு பேரும்.

நெல்லை_80: படித்தாயிற்று. கோடு பார்க்கிங் இல்லை.