பத்தாவது ஆள சேக்கலாமா வேணாமா? கருவாட்டுக் கொட்டகை வச்சிருக்கவங்க சொல்லுங்க

வேதாளை_கருவாடு:

வணக்கம் மக்களே. மண்டபத்துக்கு இந்தப் பக்கம் கடக்கர ஓரமா சின்னதா ஒரு கருவாட்டுக் கொட்டகை வச்சிருக்கேன். அப்பா காலத்துல மூட்டை கட்டி யாவாரிக்கு போட்டு விடுறதோட சரி. நான் வந்து மூணு வருஷமா நெத்திலி, கணவாய், சின்னப் பாறை மூணையும் நல்லா கழுவி மணல்ல போடாம வலை கட்டுன ரேக்குல காயப்போட்டு கால் கிலோ அரை கிலோ பாக்கெட்டா போடுறேன். 9 பேர் வேலை பாக்குறாங்க, எல்லாம் பொம்பளையாளுக, அதுல ரெண்டு பேர் எங்கப்பா காலத்துல இருந்து இருக்காக.

இப்ப பெங்களூர்ல ஒரு கடைக்காரர் மாசாமாசம் சரக்கு கேக்குறாரு. எடுத்தா இன்னும் 5 பேர் வேணும். ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டா "பத்தாவது ஆள் வந்தா ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), இருபதாவது ஆள் வந்தா பிஎஃப், வெளி மாநிலத்துக்கு பாக்கெட் போனா ஜிஎஸ்டி, யோசிச்சுக்கங்க" அப்டின்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

காசு பெருசுன்னு நான் சொல்ல வரல. உணவுப் பாதுகாப்பு பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாதான், பாக்கெட் போடுறவன்னு எடை அளவுத் துறையில பதியறதுக்கு 500 ரூபா, தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. ஆனா அந்த 100 ரூபா பேப்பருக்கு நான் நாலு தடவ ராமநாதபுரம் போய்ட்டு வந்தேன். ஒரு நாள் வாடகை ஒப்பந்தம் தெளிவா இல்லங்கிறாங்க, ஒரு நாள் சாரு முகாமுக்கு போய்ட்டாரு, ஒரு நாள் சர்வர் இல்ல. மூணாவது தடவ போன அன்னைக்குத்தான் திடீர்னு மேகம் கூடிருச்சு. ரேக்குல ரெண்டு கூடை நெத்திலி கெடக்கு, அள்ளவா தார்ப்பாய் போடவான்னு கேட்டு கொட்டகையில நின்ன அக்கா எனக்கு போன் மேல போன், நான் வரிசையில நிக்கிறேன்னு போன சைலண்ட்ல போட்டுட்டேன். சாயந்திரம் வந்து பாத்தா எல்லாம் மஞ்சளடிச்சு வயிறு வெடிச்சுப் போச்சு, கோழித்தீவனத்துக்குத்தான் ஆச்சு. அன்னைக்கு கூலிய கொறச்சுத்தான் குடுத்தேன். அந்த அக்கா எண்ணிப் பாத்துட்டு முந்தானையில முடிஞ்சுகிட்டு ஒண்ணும் சொல்லாம போய்ட்டாக. அதுதான் இன்னும் உறுத்துது.

கூட்டாளி ஒருத்தன் "கொட்டகைய நடுவுல தட்டி வச்சு மறச்சு பாதிய உன் வீட்டுக்காரி பேர்ல போடு, 7 பேரு 7 பேரு, முடிஞ்சு போச்சு"ங்கிறான். அப்டி செய்யலாமா? செஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

தொண்டிப்பய:

அண்ணே பேசாம ஒம்பதுல நில்லுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கடக்கரையில பாதிக் கொட்டகை ஒம்பதுலதான் நிக்குது, அது என்ன அதிசயமோ எல்லாருக்கும் சொல்லி வச்ச மாதிரி ஒம்பது பேருக்குத்தான் வேலை இருக்கு 😂

நான் ஆறு வருஷமா இதுல இருக்கேன். பாக்கெட் போட்டுப் பாத்தேன், விட்டுட்டேன். மூட்டையா போட்டா கருவாட்டுக்கு வரியே இல்ல, அதே கருவாட்ட கால் கிலோ கவர்ல போட்டு பேர் ஒட்டுனா 5 சதம். 2022 ஜூலையில கொண்டாந்த கூத்து அது, 25 கிலோ வரைக்கும் கட்டி லேபிள் ஒட்டுனா வரின்னாக, உடனே அரிசிக் கடையெல்லாம் 26 கிலோ மூட்டை போட ஆரம்பிச்சான் ஞாபகம் இருக்கா. நானும் அப்பவே 30 கிலோ சாக்குக்கு மாறிட்டேன். சுத்தமா கழுவி பேர் போட்டு விக்கிறவனுக்கு வரி, மணலோட அள்ளி சாக்குல கட்டுறவனுக்கு ஒண்ணுமில்ல. இதுல என்ன நியாயம்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல.

எங்க பக்கத்துல ஒருத்தரு தங்கச்சி பேர்ல ரெண்டாவது கொட்டகை ஓட்டுறாரு, இது வரைக்கும் ஒண்ணும் ஆகல.

கணக்குப்புள்ள:

உங்க கூட்டாளி சொல்ற தட்டி வைக்கிற வேலைய நம்பாதீங்க. ஒரே உப்புத்தொட்டி, ஒரே தண்ணி மோட்டார், மேற்பாக்குற ஆளும் ஒண்ணுன்னா வந்து பாக்குறவங்க ரெண்டையும் சேத்து ஒண்ணாத்தான் எண்ணுவாங்க. பின்தேதி போட்டு மொத்தமா கட்டச் சொன்னா வட்டியோட வரும். "இது வரைக்கும் ஆகல"ங்கிறது பாதுகாப்பு இல்ல தம்பி, யாராச்சும் ஒரு மொட்டைக் கடுதாசி போடுற வரைக்கும்தான்.

இப்ப காச பாப்போம். 450 ரூபா கூலி, மாசம் 20 நாள்னு வச்சுக்கங்க, ஆளுக்கு 9,000. ஈஎஸ்ஐல உங்க பங்கு 3.25 சதம், 292 ரூபா 50 காசு. அவங்க பங்கு 0.75 சதம், 67 ரூபா 50 காசு. 14 பேருக்கு உங்க கையில இருந்து மாசம் 4,095. பெங்களூர் ஆர்டர்ல இது தாங்கும். மாசாமாசம் 15 தேதிக்குள்ள கட்டணும், அத எங்கள மாதிரி ஆளுகிட்ட குடுத்தா தனி ஃபீசு, அதையும் சேத்துக்கங்க.

இன்னொண்ணு. ஒருக்க 10 பேர தொட்டு உள்ள போய்ட்டா பெறகு 6 பேரா கொறஞ்சாலும் வெளிய வர முடியாது. மழைக்காலத்துல ரெண்டு பேர வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற தொழில்ல இதுதான் பயமுறுத்துற விஷயம், கட்டணம் இல்ல. 2025 நவம்பர்ல 29 தொழிலாளர் சட்டத்த 4 தொகுப்பா ஆக்கிட்டாங்க, அதுல ஃபேக்டரிங்கிற வரம்பு கரண்டு மிஷின் இருந்தா 10 பேர்ல இருந்து 20 பேர் ஆகிருச்சு, அதனால பாக்கெட் ஒட்டுற கரண்டு மிஷின் வச்சிருந்தாலும் இப்போதைக்கு பயம் வேணாம். ஈஎஸ்ஐக்கு மட்டும் அந்த 10 அப்டியேதான் இருக்கு.

ஜிஎஸ்டி விஷயத்துல ஆடிட்டர் சொன்னது சரி. உள்ளூர்ல 40 லட்சம் வரைக்கும் பதிய வேணாம், ஆனா வரி உள்ள பாக்கெட்டு மாநிலம் தாண்டுனா ஒரு பாக்கெட்டுக்கும் பதியணும்.

பாம்பன்_பொண்ணு:

எல்லாரும் மொதலாளி பக்கத்துல இருந்தே பேசுறீங்க, நான் எங்கம்மா கதைய சொல்றேன்.

எங்கம்மா எறா கம்பெனியில 11 வருஷமா எறா உரிக்கிறாங்க. ஐஸ் தண்ணிக்குள்ள கைய வச்சு வச்சு நகக்கண்ணெல்லாம் வெள்ளையா ஊறிப்போய் ராத்திரி சோறு பெசஞ்சா எரியும், அதனால அம்மா ஸ்பூன்லதான் சாப்பிடுவாங்க. அங்க ஈஎஸ்ஐ உண்டு, மாசம் பிடிப்பாங்க, கார்டும் இருக்கு. போன பிப்ரவரியில கர்ப்பப்பை ஆபரேஷன், ஒன்ற மாசம் படுக்கை. நோய்ப்படி கெடைக்கும், சம்பளத்துல 70 சதம், 91 நாள் வரைக்கும்னு சொன்னாங்க, நாங்களும் நம்பி வட்டிக்கு வாங்குறத நிறுத்திட்டோம். கடைசியில அம்மாவுக்கு கெடையாதுன்னுட்டாங்க. அதுக்கு முந்துன ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 78 நாளுக்கு காசு கட்டியிருக்கணுமாம், அம்மாவுக்கு 71 நாள். 7 நாள் கொறச்சல்.

எப்படிங்க 78 வரும்? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. தடை முடிஞ்சாலும் நம்ம பக்கம் விசைப்படகுக்கு வாரத்துக்கு மூணு நாள்தான், மத்த நாள் நாட்டுப்படகு. படகு வந்தாத்தான் எறா, எறா வந்தாத்தான் அம்மாவுக்கு வேலை. அந்த மூணு நாளும் அரசாங்கம் போட்டதுதான், 61 நாளும் அரசாங்கம் போட்டதுதான், 78 நாளும் அவங்க போட்டதுதான். மீன்துறை மேசையும் ஈஎஸ்ஐ மேசையும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி பாத்ததே இல்ல போல. தடை வேணாம்னு நான் சொல்லல, மீன் குஞ்சு பொரிக்கணும். மில்லுல வருஷம் பூரா சங்கு ஊதுறவங்களுக்கு எழுதுன கணக்க கடக்கரைக்கு கொண்டாந்து வச்சா எப்படி.

அதுக்காக ஈஎஸ்ஐ வேணாம்னு நெனைக்காதீங்க அண்ணே. எங்க சித்திக்கு அதே கம்பெனியில பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் வந்துச்சு, அதுக்கு 70 நாள் போதும், அதுவும் முன்னாடி ஒரு வருஷக் கணக்குல. ஒம்பதுல நிக்கிற கொட்டகையில வேலை பாத்திருந்தா ஒரு ரூபா வந்திருக்காது. மதுரை ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு இங்க இருந்து 150 கிலோமீட்டருக்கு மேல, அது தனி அழுகை.

பழைய_அட்டைக்காரன்:

தம்பி நீங்கள்லாம் பத்தா ஒம்பதான்னு பேசுறீக. 2001ல கடல் அட்டைய வனவிலங்குச் சட்டத்துல போட்டு புடிக்கக்கூடாதுன்னாக பாருங்க, ஒத்த உத்தரவு. அட்டைக்கு முங்குறவன், வேக வைக்கிறவன், காயப்போடுற பொம்பளைக எல்லாருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு. அண்டா மட்டும் மிச்சம், அத கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டேன். அங்கிட்டு சிலோன்ல அத பண்ணை போட்டு வளத்து விக்கிறாக. இங்க அத கையில வச்சிருந்தா ஜெயிலு.

தொண்டிப்பய:

அப்பு அது வேற கதை, அட்டை அழிஞ்சு போச்சுன்னுதான போட்டாக. அள்ளுனதும் கொஞ்ச நஞ்சமில்லையே.

பழைய_அட்டைக்காரன்:

அழிஞ்சுச்சு, நான் இல்லேங்கல. அழிஞ்சதுக்கு முங்குனவன மட்டும் கணக்கு பாத்தாக, மாத்து வேலை என்னன்னு ஒருத்தனும் கேக்கல. அதச் சொன்னேன்.

வேதாளை_கருவாடு:

எல்லாருக்கும் நன்றி. பாம்பன் தங்கச்சி எழுதுனத படிச்சிட்டு ராத்திரியே கூலி நோட்ட எடுத்து உக்காந்தேன். போன ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆளுக்கு எத்தன நாள்னு எண்ணுனேன். பழைய ஆளுக ரெண்டு பேரும் 96, 91. நடுவுல உள்ளவங்க 83, 80, 79, 79. கடைசி மூணு பேரு 66, 64, 58. கரைவலைக்காரங்க கிட்டயும் வத்தக்காரங்க (சின்னப் படகு வச்சிருக்கவங்க) கிட்டயும் தடைக்காலத்துல நெத்திலி வாங்கிப் போட்டதாலதான் இதாவது வந்திருக்கு. புதுசா எடுக்கப்போற 5 பேரும் அந்த 58 பக்கந்தான் வருவாங்க. அப்ப அவங்ககிட்ட மாசாமாசம் பிடிச்சும் புண்ணியமில்லாம போகும்.

கணக்குப்புள்ள அண்ணே, ஒரு சந்தேகம். தடைக்காலத்துல மீன் இல்லன்னாலும் கவர் ஒட்டுறது, லேபிள் அடிக்கிறது, ரேக்கு வலை மாத்திக் கட்டுறது, இந்த மாதிரி வேலை குடுத்து கூலி போட்டா அந்த நாளு 78ல சேருமா, இல்ல மீன் வேலைதான் பாக்கணுமா?

கணக்குப்புள்ள:

சேரும். என்ன வேலைன்னு அவங்க பாக்க மாட்டாங்க, அந்த நாளுக்கு சம்பளம் போட்டிருக்கா, அதுக்கு பங்கு கட்டியிருக்கா, அவ்வளவுதான். உண்மையா வேலை நடந்திருக்கணும், நோட்டுல கையெழுத்து இருக்கணும். சும்மா பேர் எழுதி கட்டாதீங்க.

வேதாளை_கருவாடு:

சரிண்ணே. அப்ப மார்ச்சுலயே கணவாய கொஞ்சம் கூட காயவச்சு இருப்பு வச்சுட்டா மே மாசம் பூரா பாக்கெட் போடுற வேலை இழுக்கலாம், 58 அக்காவுக்கு 20 நாள் வேணும். தட்டி வைக்கல. பெங்களூர்க்காரர்கிட்ட ஜூன்ல இருந்து ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

தராசு முத்திரைக்கு மண்டபம் பக்கம் முகாம் எப்ப வருதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, இன்னொரு நாள் ராமநாதபுரம் போக முடியாது, இப்பத்தான் நாலு கூடை காயுது.